ஆப்பிள் பறிக்கப் போகிறீர்களா? அமெரிக்க வடகிழக்கின் பழத்தோட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: இந்த வாரம் எந்தத் தோட்டத்துக்கு? ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு வேடிக்கை காட்ட வேண்டும், பிள்ளைகளைத் திரையிலிருந்து பிரித்து வெளியே இழுக்க வேண்டும், நான்கு நல்ல படமும் எடுக்க வேண்டும். அந்தக் குழுக்களில் ஆண்டுதோறும் வரும் கேள்விகளையும், தெரிந்த வரையில் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

காசும் கொடுத்து நாமே ஏன் பறிக்க வேண்டும்? கூலி நமக்கல்லவா தர வேண்டும்?

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் விளையும் ஆப்பிளில் பாதிக்கு மேல் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே வறண்ட வானிலை, பாசன வசதி, பரந்த தோட்டங்கள். இரண்டாம் இடத்திலுள்ள நியூயார்க்கிலும் பெரிய தோட்டங்கள் உண்டு. ஆனால் நியூ ஜெர்சியிலோ மாசசூசெட்ஸிலோ ஐம்பது ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம், மொத்த வியாபாரியிடம் பழத்தை விற்று வாஷிங்டனோடு போட்டி போட முடியாது. பறிப்பு, தரம் பிரிப்பு, பெட்டி, குளிர்பதனக் கிடங்கு, லாரி வாடகை எல்லாம் போனால் கையில் நிற்பது சொற்பம். நகரத்துக்காரர்கள் தாங்களாகவே காரில் வந்து, தாங்களாகவே பறித்து, சில்லறை விலையும் கொடுத்துப் போனால் அந்தச் செலவுகளில் பாதி தானாகக் குறைகிறது. பல குடும்பப் பண்ணைகள் நிலத்தை வீடு கட்டுபவர்களிடம் விற்காமல் இன்னும் பயிர் செய்வதற்கு இந்த வருமானம் ஒரு முக்கியக் காரணம். கனெக்டிகட்டின் மிடில்ஃபீல்டில் உள்ள லைமன் தோட்டம் 1741 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது.

ஆகவே நீங்கள் கொடுக்கும் காசில் பழத்தின் விலை ஒரு பங்குதான். மீதி, நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இன்னும் ஒரு தோட்டம் இருப்பதற்கான விலை.

எப்போது போக வேண்டும்?

"ஆப்பிள் சீசன்" என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் முடிவு வரை நீள்வது அது. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனி நாள் உண்டு. செப்டம்பர் முதல் வாரம் போய் ஃபூஜி கேட்டால் கிடைக்காது. அக்டோபர் கடைசியில் போய் மெக்கின்டாஷ் தேடினால் அது தரையில் அழுகிக் கிடக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் ஜிஞ்சர் கோல்டு, பாலா ரெட். செப்டம்பர் முதல் பாதியில் மெக்கின்டாஷ், காலா. நடுவில் ஹனிகிரிஸ்ப், கூட்டம் அலைமோதுவது இதற்குத்தான். அதன் பிறகு கார்ட்லண்ட், மக்கவுன், எம்பயர். அக்டோபர் தொடக்கத்தில் ஜோனாகோல்டு, கோல்டன் டெலிஷியஸ், ரெட் டெலிஷியஸ். அக்டோபர் நடுவிலிருந்து ஃபூஜி, கிரானி ஸ்மித். கடைசியாகப் பிங்க் லேடி, அதுவும் குளிர் சற்றுத் தாமதமாக வரும் தெற்குப் பகுதிகளில்தான். வெர்மான்டுக்கும் தெற்கு நியூ ஜெர்சிக்கும் இடையே தேதிகளில் வித்தியாசம் இருக்கும். அந்த ஆண்டின் கோடை எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தும் தேதிகள் முன்னே பின்னே நகரும்.

பெரும்பாலான பண்ணைகள் "இன்று பறிக்கக்கூடியவை" என்று ஒரு பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் அன்றாடம் போடுகின்றன. புறப்படுகிற அன்று காலையில் அதைப் பாருங்கள். போன வருடப் புகைப்படத்தை நம்பாதீர்கள். நவராத்திரி பெரும்பாலும் இந்தப் பருவத்தின் நடுவில்தான் வரும். பகலில் தோட்டம், மாலையில் கொலு என்று திட்டமிடுபவர்கள், சுண்டலுக்கு ஊறவைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. திரும்பும்போது நெடுஞ்சாலையில் நெரிசல் நிச்சயம்.

எந்தப் பக்கம் போகலாம்?

எடிசன், பிரின்ஸ்டன் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு மெர்சர், ஹன்டர்டன், மோரிஸ் மாவட்டங்களிலேயே பண்ணைகள் உண்டு. சற்றுத் தொலைவு போகத் தயார் என்றால் நியூயார்க் மாநிலத்தின் வார்விக். அங்கிருந்து வடக்கே ஹட்சன் ஆற்றை ஒட்டி மார்ல்பரோ, மில்டன், நியூ பால்ட்ஸ். மலைகளின் நிறமாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு ஹட்சன் பள்ளத்தாக்குக்கே. பாஸ்டன்காரர்களுக்கு ஸ்டோ, போல்டன், ஹார்வர்டு என்ற மூன்று சிற்றூர்கள் பக்கத்தில். அந்த ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கும் இடம் அல்ல, இது வேறு ஊர். பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க்கை ஒட்டிய ஆடம்ஸ் மாவட்டம் அம்மாநிலத்தின் ஆப்பிள் களஞ்சியம்; அக்டோபர் முதல் இரண்டு வார இறுதிகளில் அங்கே பெரிய ஆப்பிள் திருவிழா நடக்கும்.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?

வாரநாளில், காலையில். முடியாதவர்கள் சனி ஞாயிறு திறக்கும் நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள். பதினொரு மணிக்கு மேல் வாகன நிறுத்தமே ஒரு தனி யாத்திரை. அக்டோபர் இரண்டாம் திங்கள்கிழமை விடுமுறையை ஒட்டிய மூன்று நாட்கள் உச்சக் கூட்டம். வேறு நாளே கிடையாது என்றால் ஒழிய அந்த நாட்களைத் தவிர்க்கலாம். பல பண்ணைகள் வார இறுதிக்கு முன்பதிவு டிக்கெட் வைத்திருக்கின்றன. வழக்கம்போல் பத்துப் பேர் நான்கு காரில் வேறு வேறு நேரத்தில் வந்து சேர்வதாக இருந்தால், டிக்கெட்டில் குறித்த நேரத்தை எல்லோருக்கும் ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

பண்ணைக்குப் பண்ணை வேறுபடும். சில இடங்களில் தலைக்கு நுழைவுக் கட்டணம். சில இடங்களில் நுழைவு இலவசம், ஆனால் பை வாங்கினால்தான் தோட்டத்துக்குள் விடுவார்கள். சில இடங்களில் இரண்டும். எடை போட்டு விற்கும் பண்ணைகளும் உண்டு.

பைகளின் அளவு பழைய ஆங்கிலேய முகத்தல் கணக்கில் இருக்கும். ஒரு பெக் என்பது சுமார் பத்துப் பவுண்டு, அதாவது நாலரை கிலோவுக்குச் சற்று மேல். நடுத்தர அளவில் ஏறக்குறைய முப்பது பழம். இரண்டு பெக் சேர்ந்தால் அரை புஷெல், நான்கு பெக் ஒரு புஷெல். புஷெல் பத்தொன்பது கிலோவை நெருங்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு பெக் போதும் என்பது என் கருத்து. அரை புஷெல் பையை ஆசையாக வாங்கிக்கொண்டு, ஆளுக்கு நாலு பழம் என்று அக்கம்பக்கத்தில் வினியோகிக்கும் காட்சியை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தள்ளுவண்டியில் போட்டு இழுக்கும்போது கனம் தெரியாது, மாடிப்படி ஏறும்போது தெரியும்.

கடையைவிட மலிவாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் போகாதீர்கள். பெரும்பாலும் கூடுதலாகத்தான் ஆகும்.

எப்படிப் பறிப்பது? இழுத்தால் வந்துவிடாதா?

வரும். கூடவே அடுத்த வருடத்துப் பழமும் வரும்.

ஒரு பழத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். காம்பு கிளையோடு சேரும் இடத்தில் விரல்நுனி அளவுக்குச் சுருக்கம் சுருக்கமாக ஒரு கட்டைக் குச்சி இருக்கும். அதன் பக்கவாட்டில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக, மெல்லிய ரோமத்தோடு ஒரு மொட்டு தெரியும். வரும் மே மாதத்துப் பூ அது. கோடையிலேயே உருவாகிக் குளிர்காலத்தைத் தாண்டக் காத்திருக்கிறது. கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் அந்தக் கட்டைக் குச்சியே முறிந்து பழத்தோடு வந்துவிடும்.

ஆகவே, பழத்தை உள்ளங்கையில் ஏந்துங்கள். விரல்களால் அழுத்த வேண்டாம்; அழுத்திய இடம் மறுநாள் பழுப்பாகும். மேல்நோக்கித் தூக்கி, லேசாகத் திருகுங்கள். பழுத்த பழம் காம்போடு தானாகக் கழன்று கையில் உட்காரும். இரண்டு முறை திருகியும் வரவில்லையென்றால் அது இன்னும் தயாராகவில்லை, அடுத்ததைப் பாருங்கள். காம்பு போன பழத்தில் அந்தக் குழி வழியாக அழுகல் சீக்கிரம் இறங்கும் என்பதால் காம்போடு பறிப்பதில் நமக்கும் லாபம் உண்டு. பையில் எறியாமல் வையுங்கள்.

கிளையை உலுக்காதீர்கள். ஒன்றுக்கு ஆசைப்பட்டு உலுக்கினால் ஆறு விழும். விழுந்தது யாருக்கும் உதவாது. பிள்ளைகளை மரத்தில் ஏற்றிப் படம் எடுப்பதும் வேண்டாம். எட்டாத உயரத்துக்குக் கூடை பொருத்திய நீளக் கம்பைப் பண்ணையிலேயே தருவார்கள்.

நிறத்தை வைத்துப் பழுத்ததா என்று சொல்லிவிடலாமா?

சிவப்பை நம்பாதீர்கள். சிவப்பு வெயில் பட்ட அடையாளம், அவ்வளவே. புதிய ரகங்களில் சில, பழுக்க இரண்டு வாரம் இருக்கும்போதே முழுச் சிவப்பாகிவிடும். சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தைக் கவனியுங்கள்: காம்புக் குழியைச் சுற்றி இலைப் பச்சையாக இருந்தால் காய், வெளிறி மஞ்சள் தட்டியிருந்தால் பழம். சந்தேகம் என்றால் ஒன்றை வெட்டிப் பாருங்கள். விதை பழுப்பாக இருக்க வேண்டும். மரத்தில் வெளிப்புறமும் உச்சியும்தான் முதலில் பழுக்கும். கூட்டம் வழிப்பக்கத்துக் கிளைகளைக் காலி செய்திருந்தால், வரிசையின் கடைசி வரை நடந்து போங்கள். எல்லோரும் முதல் பத்து மரங்களோடு நின்றுவிடுவார்கள்.

மரங்கள் ஏன் குட்டை குட்டையாக, கம்பிவேலியில் கட்டப்பட்டிருக்கின்றன? திராட்சைத் தோட்டமா இது?

பழைய ஆப்பிள் மரம் முப்பது அடி வளரும். ஏக்கருக்கு நாற்பது ஐம்பது மரம்தான் நிற்கும். காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இப்போதைய தோட்டங்களில், வளர்ச்சியை அடக்கும் குட்டை வேர்ச்செடியின் மேல் விருப்பமான ரகத்தை ஒட்டுக் கட்டுகிறார்கள். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் தேர்ந்தெடுத்துப் பரப்பிய எம்-9 இவற்றில் பேர்பெற்றது. ஏக்கருக்கு ஆயிரம் மரம்கூட நடலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். எட்டுப் பத்தடிக்கு மேல் உயராது. வேர் பலவீனமானது என்பதால் கம்பி தாங்க வேண்டும். பிள்ளைகள் தரையில் நின்றபடியே பறிக்க முடிவது இதனால்தான். அழகு என்று பார்த்தால் பழைய மரத்துக்குப் பக்கத்தில் இவை நிற்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கீழே விழுந்த பழம் நன்றாகத்தானே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நம் ஊரில் மாமரத்தடியில் பொறுக்கித் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்க மனம் வராது. இந்தத் தோட்டங்களில் இரவில் மான்கள் மேயும். அவற்றின் சாணத்தில் ஈ கோலை கிருமியின் ஆபத்தான வகை இருக்கக்கூடும். 1996ல் கிருமி நீக்காத ஆப்பிள் சாறு வழியாக அந்தக் கிருமி பரவி, மேற்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் பலர் நோயுற்று, ஒரு குழந்தை இறந்தது. சாறு தயாரிப்பு விதிகள் இறுகியது அதன் பிறகுதான். சமைக்கத்தானே போகிறோம் என்றாலும், அந்தப் பழம் பையில் மற்ற பழங்களோடு உரசிக்கொண்டு வருமே.

தோட்டத்திலேயே சாப்பிடலாமா?

ருசி பார்க்க ஒன்றிரண்டு சாப்பிடுவதைப் பெரும்பாலான பண்ணைகள் கண்டுகொள்வதில்லை. சில பண்ணைகள் கூடாது என்று எழுதியே வைத்திருக்கும். வாசலில் கேட்டுவிடுங்கள். ஒரு கடி கடித்துவிட்டு எறிந்து, அடுத்த மரத்துக்குப் போய் இன்னொரு கடி, இதுதான் பண்ணைக்காரர்களுக்கு ஆத்திரம் மூட்டுவது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். பெரியவர்களிடமும்.

மருந்து அடிப்பார்களா? பழத்தின் மேல் வெள்ளையாக ஏதோ இருக்கிறதே?

அடிப்பார்கள். மழையும் ஈரமும் நிறைந்த வடகிழக்கில், இலையிலும் பழத்திலும் சொறி விழும் பூஞ்சை நோய், காய்துளைக்கும் வண்டு, கிளை கருகும் பாக்டீரியா நோய் எல்லாம் உண்டு. முழு இயற்கை முறையில் ஆப்பிள் வளர்ப்பது வறண்ட வாஷிங்டனில் கைகூடும் அளவுக்கு இங்கே எளிதல்ல. பொறி வைத்துப் பூச்சிகளை எண்ணி, தேவையானபோது மட்டும் தெளிப்பதைப் பல பண்ணைகள் கடைப்பிடிக்கின்றன. ஒவ்வொரு மருந்துக்கும், தெளித்து இத்தனை நாள் கழித்தே பறிக்கலாம் என்ற சட்டப்படியான இடைவெளி இருக்கிறது.

விரலால் தேய்த்தால் பளபளப்பாகும் மெல்லிய வெண்படலம் பழத்தின் சொந்த மெழுகு. திட்டுத் திட்டாக வெள்ளைப் பொடி இருந்தால் பூச்சியை விரட்டத் தெளிக்கும் களிமண்ணாகவோ மருந்தின் மிச்சமாகவோ இருக்கலாம். கரிப்புகை பட்டதுபோன்ற கறை தோலின் மேலோடு நிற்கும் பூஞ்சை. அழகைக் கெடுக்குமே தவிர ஆளைக் கெடுக்காது. எதுவானாலும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். சமையல் சோடா கரைத்த நீரில் கால் மணி நேரம் வரை ஊறவைத்தால் மேல்தோலில் உள்ள மருந்து வெறும் நீரைவிட நன்றாகப் போகிறது என்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2017ல் கண்டறிந்தார்கள். தோலுக்குள் இறங்கியது போகாது.

எந்த ரகத்தை எதற்கு வாங்குவது?

ஹனிகிரிஸ்ப் என்றால் பறந்து பறந்து பறிக்கிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் 1991ல் வெளியிட்ட ரகம். கடித்தால் நறுக்கென்று உடைந்து வாயில் சாறு நிறையும். பச்சையாகச் சாப்பிட அதற்கு நிகர் குறைவுதான். விலையும் அதற்கேற்ப. ஆனால் வடகிழக்கின் சொந்த ருசி மெக்கின்டாஷ் வம்சத்தில் இருக்கிறது என்பேன். 1811ல் கனடாவின் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி காடு திருத்தும்போது தானாக முளைத்து நின்ற கன்றுகளிலிருந்து வந்தது அது. அதன் வாரிசுகள் பல: நியூயார்க்கின் ஜெனீவா ஆய்வு நிலையம் 1915ல் தந்த கார்ட்லண்ட், 1966ல் தந்த எம்பயர், அதே நிலையத்தின் மக்கவுன். மக்கவுன் கடைகளில் அரிதாகத்தான் கிடைக்கும், பருவமும் குறுகியது. தோட்டத்துக்குப் போனால் அதைத் தேடிப் பறியுங்கள்.

நம் சமையலுக்கு என்று வந்தால்:

மெக்கின்டாஷ் அடுப்பில் ஏறிய சிறிது நேரத்தில் குழைந்துவிடும். அல்வா, கேசரி, ஜாம் இவற்றுக்கு ஏற்றது. துண்டு துண்டாக நிற்க வேண்டிய பண்டத்துக்கு ஆகாது.

கார்ட்லண்ட் வெட்டி வைத்தால் சீக்கிரம் கறுக்காது. தயிர்ப் பச்சடிக்கும் பிள்ளைகளின் டிபன் பெட்டிக்கும் இதுவே.

கிரானி ஸ்மித் வெளிநாட்டுத் தமிழர் வீடுகளில் மாங்காயின் பதிலாள். துருவி, உப்பும் மஞ்சளும் பிசறி, நல்லெண்ணெயில் கடுகு பெருங்காயம் தாளித்து வதக்கினால் தொக்குக்கு மிக நெருங்கி வரும். மாங்காயின் நார் இதற்குக் கிடையாது, நீரும் அதிகம் விடும். அதனால் எண்ணெய் பிரியும்வரை பொறுமையாகக் கிளற வேண்டும்; வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் மிளகாய்ப் பொடியையும் நீர் சுண்டிய பிறகு சேருங்கள். உடனடி ஊறுகாயாகப் போட்டால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாட்களில் முடித்துவிடுங்கள். கிரானி ஸ்மித் பழுக்க நீண்ட கோடை வேண்டும் என்பதால் வடக்குப் பண்ணைகள் பலவற்றில் இருக்காது. அங்கே ரோட் ஐலண்ட் கிரீனிங் என்ற பழைய பச்சை ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். புளிப்பில் குறைவே இல்லை.

வயதான அப்பா அம்மாவையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. நடைதான் கவனிக்க வேண்டியது. தரை மேடு பள்ளமான புல்வெளி, பனி ஈரம், அங்கங்கே அழுகிய பழம். செருப்பு வழுக்கும், மூடிய காலணி வேண்டும். சேலை கட்டும் அம்மாக்கள் கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொண்டால் நல்லது. சின்னச் சக்கரத் தள்ளுவண்டி புல்லில் நகராது. டிராக்டர் பின்னால் வைக்கோல் கட்டுகள் போட்ட வண்டியில் தோட்டத்துக்குள் கொண்டு விடும் பண்ணைகள் முதியவர்களுக்கு உகந்தவை. கழிப்பறை பெரும்பாலும் தற்காலிகப் பிளாஸ்டிக் அறைதான், வரும் வழியிலேயே ஓர் இடத்தில் நிறுத்திவிடுவது உத்தமம்.

உண்ணியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய்க்குப் பெயர் தந்த ஊரே கனெக்டிகட்டில்தான் இருக்கிறது. மான் உண்ணிகள் அக்டோபர், நவம்பரிலும் சுறுசுறுப்பாக இருக்கும். முழுக்கால் உடை, காலுறை. வீடு திரும்பியதும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள், காதோரம், தலைமுடி என்று பிள்ளைகளைச் சோதியுங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய், நெருப்பு வைத்தியம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ வட்டமான சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

மஞ்சள் குளவிகள் அழுகிய பழத்தை மொய்க்கும். கையை வீசி விரட்டாமல் விலகினால் அவை நம்மைச் சட்டை செய்யாது. குழந்தை கையில் இனிப்புச் சாற்றோடு நடந்தால் பின்னாலேயே வரும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? சைவர்களுக்கு என்ன கிடைக்கும்?

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். வெளி உணவு அனுமதியா என்பது பண்ணையைப் பொறுத்தது. இல்லையென்றால் வண்டி நிறுத்தத்திலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம்.

அங்கே கட்டாயம் வரிசையில் நிற்க வேண்டியது ஆப்பிள் சாறு கலந்த சைடர் டோனட்டுக்கு. கொட்டகையில் ஓர் எந்திரம் வட்டம் வட்டமாக மாவை எண்ணெயில் விடும். வளையங்கள் மிதந்தபடியே நகர்ந்து பாதி வழியில் தாமாகப் புரட்டப்பட்டு, மறுமுனையில் பொன்னிறமாக ஏறி விழும். விழுந்த சூட்டிலேயே பட்டைப் பொடியும் சர்க்கரையும் கலந்த தட்டில் உருட்டி எடுப்பார்கள். பிள்ளைகள் ஆப்பிள் மரத்தைவிட அதிக நேரம் இந்த எந்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. சில இடங்களில் பொரிக்கும் கொழுப்பு விலங்கினுடையதாகவும் இருக்கலாம். கண்டிப்பான சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சைடர் என்றால் மதுவா?

அமெரிக்கப் பண்ணையில் வெறும் சைடர் என்று விற்பது வடிகட்டாத, மங்கலான பழுப்பு நிற ஆப்பிள் சாறு, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். புளிக்கவைத்த மதுவை "ஹார்டு சைடர்" என்று தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பெரும்பாலும் சூடாக்கியோ புற ஊதா ஒளி செலுத்தியோ கிருமி நீக்கியிருப்பார்கள். கிருமி நீக்காத சாற்றைப் பாட்டிலில் விற்றால் எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் குழந்தைகளும் அதைத் தவிர்க்க வேண்டும்.

பூசணிக்காய், சோளக்காட்டுப் புதிர்ப்பாதை, ஆட்டுக்குட்டி, இதெல்லாம் தேவையா?

பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்து பத்து வயதுக்குள் என்றால் தேவை. மற்றவர்கள் சீட்டு வாங்கும் முன் யோசிக்கலாம். சில பண்ணைகளில் மரங்களைவிடக் கேளிக்கை அதிகமாகிவிட்டது. மேடைப்பாட்டுச் சத்தத்தில் பழம் பறிப்பது எனக்கு உவப்பில்லை. பறிப்பதை மட்டும் வைத்திருக்கும் சின்னப் பண்ணைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு விளம்பரம் குறைவு, கூட்டமும் குறைவு.

சில ஆண்டுகளில் "பறிப்பு இல்லை" என்று பலகை போட்டுவிடுகிறார்களே?

மே மாதத்தில் மரங்கள் பூக்கும். அந்தச் சமயத்தில் ஓர் இரவு வெப்பம் சுழியத்துக்குக் கீழே 2 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் பூக்களில் பத்தில் ஒரு பங்கு செத்துவிடும். 4 டிகிரிக்கு இறங்கினால் பத்தில் ஒன்பது. 2023 மே 18 விடியற்காலையில் அப்படித்தான் நடந்தது. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷர், மேற்கு மாசசூசெட்ஸ், நியூயார்க்கின் சில பகுதிகள் என்று பல இடங்களில் பூவும் பிஞ்சும் ஓரிரவில் கருகின. பள்ளத்தில் இருந்த தோட்டம் முழுதும் போக, அடுத்த மேட்டுத் தோட்டம் தப்பியதும் உண்டு, குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். அத்தகைய ஆண்டில் பண்ணைக்கு நட்டம். பழம் இல்லாவிட்டாலும் கொட்டகைக் கடையில் ஏதாவது வாங்கிவிட்டு வாருங்கள்.

நாம் பறித்தது போக மீதியை யார் பறிக்கிறார்கள்?

பல தோட்டங்களில் ஜமைக்காவிலிருந்து வரும் தொழிலாளர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆள் பற்றாக்குறைக்காகத் தொடங்கிய ஏற்பாடு. இப்போது எச்-2ஏ என்ற பருவகால விவசாய விசாவில் வருகிறார்கள். ஒரே தோட்டத்துக்கு ஆண்டுக்காண்டு வருபவர்கள் உண்டு. வயிற்றில் கட்டிய கூடையோடு ஏணியில் நின்று, இரண்டு கையாலும் ஒரு பழம்கூடக் கன்றாமல் அவர்கள் பறிக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு நம் பையைப் பார்த்தால் சிரிப்பு வரும். எச்-1பி வரிசையில் நிற்பவர்களுக்கு, இன்னோர் எழுத்து விசாவின் வாழ்க்கையும் கண்ணில் படட்டும்.

வீட்டில் எப்படி வைப்பது?

கழுவாமல், ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், துளையிட்ட பையில். மேசை மேல் அழகுக்கு அடுக்கினால் பல மடங்கு வேகத்தில் மாவாகிவிடும். அடிபட்டதை முதலில் தின்று தீருங்கள். ஆப்பிள் வெளியிடும் எத்திலின் வாயு கீரையை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்கவைக்கும், தனித்தட்டு நல்லது. மெக்கின்டாஷ் சில வாரம்தான் தாங்கும். ஃபூஜி, கிரானி ஸ்மித் பொங்கல்வரை கிடக்கும்.

விதையை நட்டால் மரம் வருமா? நம் ஊரில் வளருமா?

மரம் வரும், அந்தப் பழம் வராது. ஒவ்வொரு விதையும் புதுக் கலப்பு. ஹனிகிரிஸ்ப் விதையிலிருந்து ஹனிகிரிஸ்ப் கிடைக்காது. அதனால்தான் எல்லாமே ஒட்டுக் கன்றுகள்.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இந்த ரகங்கள் ஒத்துவராது. மொட்டு விழிக்க, 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்கு நெருங்கிய குளிர் வேண்டும். கொடைக்கானலில் பிளம்ஸும் பேரிக்காயும் செழிக்கின்றன, ஆப்பிளுக்கு அங்கும் குளிர் பற்றாது. ஆனால் இந்தியாவின் ஆப்பிளுக்கும் இந்தப் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் 1904ல் இந்தியா வந்து, சிம்லா மலைகளில் கோட்கடில் குடியேறி, 1916ல் அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். இன்றைய இமாசல ஆப்பிள் தொழிலுக்கு அதுவே வித்து. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்; பின்னாளில் இந்து மதத்தைத் தழுவி சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

ஊருக்குப் போகும்போது நாலு பழம் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. செடி, குச்சி, விதை, புதுப்பழம் எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற அரசுச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. ஒட்டுக் கட்ட ஒரு குச்சி மட்டும் என்று ஒளித்து எடுத்துப் போக நினைப்பவர்கள், கிளை கருகல் நோய் இத்தகைய குச்சிகளில் பயணம் செய்யக்கூடியது என்பதை அறிந்துகொள்ளுங்கள். இமாசலத்திலும் காஷ்மீரிலும் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஆப்பிளை நம்பியிருக்கின்றன. மீந்த பழத்தைப் புறப்படும் முன் அல்வாவாகக் கிளறிச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.